தொலைபேசிக்குள் வந்துவிட்ட வங்கிப் புத்தகம்

இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கும்போது "வீட்டை விட்டுப் புறப்படும்போது எதனை எடுத்துக்கொண்டு வந்தீர்கள்?" என்று நாம் கேட்பதுண்டு. 1990 இல் வலிகாமம் வடக்கில் இருந்து வந்தவர்களும், 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்து நடந்தவர்களும், 2009 இல் வன்னியில் எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். பிள்ளைகள், அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம். ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டு, அடுப்பில் இருந்த சோற்றையும் விட்டு வந்தவர்கள்கூட, பொலித்தீன் பையில் சுற்றிய அந்தச் சிறு புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்கள்.

அந்தப் புத்தகத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அது வழியில் விழுந்து இன்னொருவர் கையில் அகப்பட்டாலும் அவரால் பணம் எடுக்க முடியாது. வங்கிக்குப் போய், கருமபீடத்துக்கு முன்னால் நின்று, அடையாள அட்டையைக் காட்டிக் கையொப்பம் இட வேண்டும். முகத்துக்கு முகம் பார்க்கின்ற ஒரு மனிதர் நடுவில் இருந்தார். கள்வனுக்கு அது பெரிய தடை.

இன்று நிலைமை வேறு. 2023 ஆம் ஆண்டு தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவு வங்கிக் கணக்குக்கே வருகின்றது. பசளைக்கான மானியமும் (2024/25 பெரும்போகத்துக்கு நெல்வயல் ஹெக்டயருக்கு 25,000 ரூபா) கமக்காரரின் கணக்குக்கே வைப்பிலிடப்படுகின்றது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் காசும் அப்படியே. கணக்கோ கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை இழந்து வங்கிக்குப் போய்வந்த ஒருவருக்கு இது பெரும் உதவி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வங்கி வீட்டுக்குள் வந்தபோது கள்வனும் கூடவே வந்துவிட்டான். அவன் வேலி பாயத் தேவையில்லை. நாய் குரைப்பதும் இல்லை.

ஒரு தாய்க்கு நடந்தது

எமக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பம். சொந்தக் காணி இன்னும் கைக்கு வரவில்லை. உறவினர் ஒருவரின் வளவில் தகரக் கொட்டில் போட்டு இருக்கிறார்கள். குத்தகைக்கு எடுத்த இரண்டு ஏக்கரில் நெல் விதைக்கிறார்கள். மகள் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசும், நெல் விற்ற காசுமாக 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா சேர்ந்திருந்தது. காணி கிடைத்தால் கிணறு இறைத்து, வேலி அடைப்பதற்கென்று வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் முற்பகல் ஓர் அழைப்பு. நல்ல தமிழில், மரியாதையாக, "அம்மா, உங்களுடைய மானியப் பணம் கணக்குக்குப் போகாமல் திரும்பி வந்திருக்கிறது. இன்று பின்னேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அடுத்த போகத்துக்குத்தான் கிடைக்கும்" என்றது ஒரு பெண் குரல். தாயின் முழுப்பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் அந்தப் பெண்ணே சொன்னாள். அதனால் தாய்க்கு ஐயம் வரவில்லை. கணக்கு இலக்கத்தைக் கேட்டாள், கொடுத்தார். "இப்போது ஒரு மெசேஜ் வரும், அதிலுள்ள 6 இலக்கங்களை வாசியுங்கள்" என்றாள், வாசித்தார். சிறிது நேரத்தில் இன்னொன்று வந்தது, அதையும் வாசித்தார். மாலையில் மகன் வேலையால் வந்து தொலைபேசியைப் பார்த்தபோது கணக்கில் 640 ரூபா மிஞ்சியிருந்தது.

இந்தத் தாய் ஏமாளி அல்ல. மூன்று தடவை இடம்பெயர்ந்து, நான்கு பிள்ளைகளை வளர்த்தெடுத்தவர். சந்தையில் அவரிடம் ஒரு கிலோ கத்தரிக்காயைக்கூட ஏமாற்றி வாங்க முடியாது. அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்காத ஒரு விடயம்தான் அவரை வீழ்த்தியது. அந்த 6 இலக்கங்கள் என்ன என்பதே அது.

அந்த 6 இலக்கங்கள்

வங்கிக் கணக்குக்கு இப்போது இரண்டு பூட்டுகள் போடப்படுகின்றன. ஒன்று உங்களுக்குத் தெரிந்த ஒன்று, அதாவது கடவுச்சொல் அல்லது இரகசிய இலக்கம். மற்றது உங்கள் கையில் உள்ள ஒன்று, அதாவது வங்கியில் பதியப்பட்ட உங்கள் தொலைபேசி. யாராவது உங்கள் கணக்கில் ஒரு காரியம் செய்ய முற்படும்போது, வங்கியின் கணினி அந்த வேளைக்கென்றே ஓர் இலக்கத்தை உருவாக்கி உங்கள் தொலைபேசிக்கு அனுப்புகின்றது. அது சில நிமிடங்களுக்குத்தான் செல்லும். ஒரு தடவைக்கு மேல் செல்லாது. இதனையே ஓ.ரி.பி. என்கிறார்கள். "இதைச் செய்வது நீங்கள்தானா?" என்று வங்கி கேட்கும் கேள்வி அது. அந்த இலக்கத்தைக் கொடுப்பது, "ஆம், நான்தான்" என்று கையொப்பம் இடுவதற்குச் சமம்.

ஆகவே கேட்காமல் வருகின்ற ஓ.ரி.பி. ஒரு எச்சரிக்கை மணி. நீங்கள் எதுவும் செய்யாதபோது அது வந்தால், எங்கோ ஒருவர் உங்கள் படலையைத் தள்ளிப் பார்க்கிறார் என்று அர்த்தம். அந்தக் குறுஞ்செய்தியை முழுவதும் வாசிக்க வேண்டும், அல்லது வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து வாசிப்பிக்க வேண்டும். அநேகமாக எவ்வளவு தொகைக்கு, எதற்காக என்பதும், இதை எவருக்கும் சொல்ல வேண்டாம் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். துயரம் என்னவென்றால் பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் வருகின்றது. தமிழில் அனுப்பும் வசதி உண்டா என்று உங்கள் கிளையில் கேளுங்கள். இல்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் அது வரும். அதுவரை இரண்டு சொற்களையாவது அடையாளம் கண்டுகொள்ளுங்கள்: கிரெடிட் என்றால் காசு வந்தது, டெபிட் என்றால் காசு போனது.

வங்கி உத்தியோகத்தர் எவரும், முகாமையாளரும்கூட, உங்கள் ஓ.ரி.பி. யைக் கேட்கமாட்டார். அவருக்கு அது தேவையே இல்லை. வங்கியின் வேலைகளைச் செய்ய அவரிடம் வேறு வழி உண்டு. பிரதேச செயலகத்தில் இருந்து, கமநல சேவை நிலையத்தில் இருந்து, கிராம அலுவலரிடம் இருந்து, மறைமாவட்ட நிறுவனம் ஒன்றில் இருந்து பேசுவதாகச் சொன்னாலும் இதே விதிதான். உங்களுக்குக் காசு போடுவதற்குக் கணக்கு இலக்கமும் பெயரும் போதும். காசு எடுப்பதற்கு மட்டுமே இரகசிய இலக்கம் வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் பதித்துக்கொண்டாலே அரைவாசிக் கள்வருக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

"எனக்கு இணைய வங்கி வசதி கிடையாது, அதனால் எனக்கு ஆபத்து இல்லை" என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறு. இலங்கையில் ஒரு வங்கிக் கணக்கை வேறொரு நிறுவனத்தின் கொடுப்பனவுச் செயலியுடன் இணைக்க முடியும். கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம், ஓ.ரி.பி. ஆகியவை கள்வனுக்குக் கிடைத்தால், நீங்கள் செயலியையே கண்டிராதவராக இருந்தாலும், அவன் தனது தொலைபேசியில் இருந்து உங்கள் கணக்கை இணைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன தாய்க்கும் இப்படித்தான் நடந்தது. அவரிடம் இருந்தது சாதாரணப் பொத்தான் தொலைபேசி.

பணம் போகும் வேகத்தையும் சொல்ல வேண்டும். முன்னர் ஒரு வங்கியில் இருந்து இன்னொரு வங்கிக்குக் காசோலை மாற நாட்கள் எடுத்தன. 2015 முதல் நாட்டில் உள்ள உடனடிப் பரிமாற்ற முறையினால் அது சில நொடிகளில் நடக்கின்றது. உங்களுக்கு உதவும் அதே வேகம் கள்வனுக்கும் உதவுகின்றது. நீங்கள் தொலைபேசியை வைத்துவிட்டு அயலவரிடம் கதை சொல்லி முடிக்குமுன் காசு இரண்டு மூன்று கணக்குகள் தாண்டிவிடும்.

சிம் யாருடைய பெயரில்?

எமது மக்களைப் பொறுத்தவரை மிகப்பெரிய ஓட்டை இதுதான் என்பது எமது எண்ணம். பட்டணத்தில் எழுதப்படும் எச்சரிக்கைகளில் இது அதிகம் வருவதில்லை.

முகாம்களில் இருந்த காலத்தில் பலரிடம் அடையாள அட்டை இருக்கவில்லை. யாரோ ஒரு தம்பி தன் பெயரில் எடுத்துக் கொடுத்த சிம், தொண்டு நிறுவன ஊழியர் ஒருவர் வாங்கிக் கொடுத்த சிம், இறந்துபோன கணவரின் பெயரில் உள்ள சிம் என்று இன்றும் அவற்றையே பாவிக்கின்ற குடும்பங்கள் உண்டு. அந்த இலக்கமே வங்கியிலும் பதியப்பட்டுள்ளது. அந்தத் தம்பி நாளைக்குத் தொலைபேசி நிறுவனத்துக்குப் போய் "என் சிம் தொலைந்துவிட்டது, புதியது தாருங்கள்" என்றால் அவருக்குத்தான் கொடுப்பார்கள். சட்டப்படி அது அவருடையது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் பணத்தின் சாவியை நீங்கள் ஒருபோதும் கையொப்பமிட்டு வாங்கவில்லை.

இன்னொரு வகையும் உண்டு. இடம் மாறும்போது சிக்னல் இல்லை என்று சிம்மை மாற்றுகிறோம். பழையது எங்கோ கிடக்கின்றது. நீண்டகாலம் பாவிக்காத இலக்கங்களைத் தொலைபேசி நிறுவனங்கள் திரும்ப எடுத்துப் புதியவர்களுக்குக் கொடுத்துவிடுகின்றன. வங்கியோ இன்னும் அந்தப் பழைய இலக்கத்துக்கே உங்கள் ஓ.ரி.பி. யை அனுப்பிக்கொண்டிருக்கும். உங்கள் கணக்கில் காசு வந்த செய்தியும் போன செய்தியும் முகம் தெரியாத ஒருவருக்குப் போகும்.

ஆகவே அடுத்த முறை பட்டணம் போகும்போது இரண்டு இடங்களுக்குப் போய்வாருங்கள். முதலில் தொலைபேசி நிறுவனத்தின் சேவை நிலையம். அடையாள அட்டையைக் காட்டி, இந்தச் சிம் யாருடைய பெயரில் உள்ளது என்று கேட்டு, உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வேறொருவர் பெயரில் இருந்தால் அவரையும் கூட்டிச் செல்ல நேரலாம். இறந்தவரின் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றிதழைக் கொண்டு செல்லுங்கள். அங்கிருந்து நேரே வங்கிக்கு. எந்த இலக்கம் பதியப்பட்டுள்ளது என்று பார்த்து, பழையதை நீக்கச் சொல்லுங்கள். அஸ்வெசும பதிவிலும் கமநல நிலையத்திலும் உள்ள இலக்கங்களையும் சரிபார்ப்பது நல்லது.

சிம் உங்கள் பெயரில் இருந்தாலும் ஒரு விடயத்தில் கவனம் தேவை. திடீரென்று தொலைபேசியில் சிக்னல் முழுவதும் அற்றுப்போய், பக்கத்தில் இருப்பவரின் அதே நிறுவனத் தொலைபேசி வேலை செய்தால், அதை லேசாக எடுக்க வேண்டாம். பொய்யான ஆவணம் காட்டி உங்கள் இலக்கத்துக்கு வேறொருவர் புதிய சிம் எடுத்திருக்கக்கூடும். புதியது உயிர் பெற்றதும் பழையது செத்துவிடும். உடனே இன்னொரு தொலைபேசியில் இருந்து நிறுவனத்துக்கும் வங்கிக்கும் அழைத்துச் சொல்ல வேண்டும்.

அடையாள அட்டை சொல்லும் கதை

அந்தப் பெண் குரலுக்குத் தாயின் அடையாள அட்டை இலக்கம் எப்படித் தெரிந்தது? எமது மக்களைப் போல அடையாள அட்டைப் பிரதி கொடுத்தவர்கள் இந்த நாட்டில் வேறு யாராவது இருப்பார்களா என்று நாம் நினைப்பதுண்டு. நிவாரணத்துக்கு ஒரு பிரதி, வீட்டுத்திட்டத்துக்கு ஒரு பிரதி, மீள்குடியேற்றப் பதிவுக்கு, விதைநெல்லுக்கு, கோழிக்குஞ்சுக்கு. நாங்களும் வாங்கி அடுக்கியிருக்கிறோம். அந்தக் கோவைகளைப் பூட்டி வைக்கும் பொறுப்பு எமக்கும் உண்டு. கடையில் பிரதி எடுக்கும்போது மங்கலாக வந்த தாளில் நாளைக்கு வடை சுற்றிக் கொடுக்கிறார்கள்.

அந்த இலக்கம் பேசும். பழைய அட்டையில் உள்ள 9 இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 68532 என்று ஓர் இலக்கம் தொடங்கினால், 1968 ஆம் ஆண்டு பெப்ரவரி 1 ஆம் திகதி பிறந்த பெண் என்று எவரும் சொல்லிவிடலாம். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் ஆண்டு முழுமையாகவே உள்ளது.

இதனால் தெளிவாகின்ற ஒன்று: பிறந்த ஆண்டையோ, பிறந்த நாளையோ, அடையாள அட்டையின் கடைசி நாலு இலக்கங்களையோ ஏ.ரி.எம். அட்டையின் இரகசிய இலக்கமாக வைக்கக் கூடாது. 4 இலக்கத்தில் 10,000 வகை அமைக்கலாம். ஆனால் நாம் எல்லோரும் 1234 ஐயும், மகளின் பிறந்த ஆண்டையும் வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சும்மா விட்டுவிடுகிறோம். கள்வன் மூன்று தடவை முயன்றால் அட்டை பூட்டப்படலாம். உங்கள் அடையாள அட்டைப் பிரதி அவனிடம் இருந்தால் மூன்று தடவையே அவனுக்குத் தாராளம்.

இணைய வங்கிக்கான கடவுச்சொல் வேறு. அங்கே நீளமே பலம். விளங்காத குறியீடுகளைச் சேர்த்து நீங்களே மறந்துபோகும் எட்டெழுத்தை விட, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்த நீண்ட சொற்றொடர் உடைப்பதற்குக் கடினம், நினைவில் வைப்பதற்கு இலகு. பழைய வளவில் நின்ற மரம், முதல் வாங்கிய மாட்டின் பெயர், ஒரு குளம், ஓர் எண். மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று முன்னர் சொல்லிவந்தார்கள். அமெரிக்காவின் நியமங்கள் நிறுவனம் 2017 இல் அந்த ஆலோசனையைக் கைவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் பழைய சொல்லின் முடிவில் 1, 2 என்று சேர்த்துவிட்டுப் போகிறார்கள் என்பதே காரணம். கசிந்தது என்று ஐயம் வந்தால் அன்றே மாற்றுங்கள், மற்றும்படி விடுங்கள். ஆனால் வங்கிக்கு வைத்த சொல்லைப் பேஸ்புக்குக்கு வைக்கக் கூடாது.

இடையில் ஒரு வதந்தியையும் தீர்த்துவிடுவோம். ஏ.ரி.எம். இயந்திரத்தில் இரகசிய இலக்கத்தைத் தலைகீழாக அடித்தால் பொலிஸ் வரும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. இலக்கம் பிழை என்று மட்டும் வரும்.

ரீலோட் கடைத் தம்பியும் வீட்டுப் பிள்ளையும்

செயலியை ஏற்றித் தருபவர் அநேகமாக ரீலோட் கடைத் தம்பிதான். அவரே பெயர் பதிந்து, அவரே கடவுச்சொல் வைத்து, "ஐயா, இதை மறக்காதையுங்கோ" என்று ஒரு மட்டைத் துண்டில் எழுதித் தருகிறார். அவர் நல்லெண்ணத்தோடு செய்கிறார். எனினும் இனிமேல் வங்கிக் கிளையிலேயே அதைச் செய்விப்பது முறை. ஏற்கெனவே கடையில் செய்திருந்தால் இன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். அவரைச் சந்தேகிப்பதற்காக அல்ல. நாளைக்கு ஏதாவது நடந்தால் அவர்மீதும் பழி வராமல் இருப்பதற்காக.

வீட்டுக்குள் இது இன்னும் சிக்கலானது. தகப்பனுக்கு எழுத்து வாசிப்பு குறைவு. மகன் எல்லாவற்றையும் பார்க்கிறான். இதில் பிழை இல்லை. ஆனால் அதே தொலைபேசியில் மகன் விளையாட்டுக்களை இறக்குகிறான், வட்ஸ்அப்பில் வந்த செயலிகளை ஏற்றுகிறான். கூகுளின் பிளே ஸ்டோருக்கு வெளியே, செய்தியோடு கோப்பாக வருகின்ற செயலிகள் சில, தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளை எல்லாம் களவாக வாசித்து வெளியே அனுப்பும் வேலைக்கென்றே செய்யப்பட்டவை. வேறு சில உங்கள் திரையைத் தூரத்தில் இருப்பவர் பார்க்கவும் இயக்கவும் வழிவிடுபவை. "வங்கியில் இருந்து உதவுகிறோம், இந்தச் செயலியை ஏற்றுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அவர் உங்கள் வீட்டுச் சாவியைக் கேட்கிறார்.

குறுஞ்செய்தியில் வரும் இணைப்புகளுக்கும் இதே எச்சரிக்கை. தபால் திணைக்களத்தின் பெயரில், "உங்கள் பொதி வந்துள்ளது, சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்ற பொய்ச் செய்திகள் நாடெங்கும் வந்தன. வங்கியின் பெயரிலேயே வருவதும் உண்டு. செய்தியின் மேலே காணப்படும் அனுப்புநர் பெயரைப் பொய்யாகப் போட முடியும். அப்படி வந்தது உண்மையான வங்கிச் செய்திகளுக்குக் கீழேயே வரிசையாக நிற்கும். இணையப் பக்கத்தில் காணப்படும் பூட்டுச் சின்னத்தையும் நம்பி ஏமாற வேண்டாம். கடிதம் வழியில் எவரும் பிரித்துப் பார்க்கவில்லை என்றுதான் அந்தப் பூட்டு சொல்கின்றது. கடிதத்தைப் பெறுபவர் நேர்மையானவர் என்று சொல்வதில்லை. வங்கியோடு பேச வேண்டுமானால் அட்டையின் பின்புறத்திலோ புத்தகத்திலோ உள்ள இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள்.

வட்ஸ்அப்பையும் இவ்வாறே கைப்பற்றுகிறார்கள். தெரிந்த ஒருவரிடம் இருந்து, "தவறுதலாக உங்களுக்கு ஓர் இலக்கம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று வரும். அனுப்பினால் உங்கள் வட்ஸ்அப் அவனுடையது. பிறகு கனடாவில் உள்ள உங்கள் தம்பிக்கு உங்கள் பெயரிலேயே, "அவசரம், ஆஸ்பத்திரியில் நிற்கிறேன், இந்தக் கணக்குக்குக் காசு போடு" என்று போகும். வட்ஸ்அப்பின் அமைப்புகளில் இரண்டு படிச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. பிள்ளைகளிடம் சொல்லி அதனை இயக்கிவிடுங்கள். வெளிநாட்டு உறவினரோடும் ஓர் ஒழுங்கு செய்துகொள்ளலாம்: காசு கேட்டு எழுத்தில் செய்தி வந்தால், குரலைக் கேட்காமல் அனுப்புவதில்லை.

கணக்கை இரவல் கொடுப்பது

இதைப்பற்றி எவரும் எம்மிடம் கேட்கவில்லை, நாமாகவே எழுதுகிறோம். "உன்னுடைய கணக்குக்குக் கொஞ்சக் காசு வரும், எடுத்துத் தந்தால் 5,000 ரூபா தருகிறேன்" அல்லது "ஒரு கணக்குத் திறந்து அட்டையை எனக்குத் தா" என்று வேலையில்லாத இளைஞரிடம் சிலர் கேட்கிறார்கள். களவெடுத்த காசு ஒரு கணக்கில் இறங்கித்தான் ஆக வேண்டும். அதற்குத்தான் ஏழைகளின் கணக்கு.

2017 ஒக்ரோபரில் தைவான் நாட்டு வங்கி ஒன்றின் கணினிகளுக்குள் புகுந்த கள்வர் ஏறக்குறைய 6 கோடி அமெரிக்க டொலரை வெளியே அனுப்ப முயன்றார்கள். அதில் ஒரு பகுதி இலங்கையில் உள்ள கணக்குகளுக்கு வந்தது. கணினிக்குள் புகுந்தவன் எங்கோ இருக்க, கொழும்பில் கைதானவர்கள் பணம் வந்த கணக்குகளோடு தொடர்புபட்டவர்கள். 2006 ஆம் ஆண்டின் கொடுப்பனவுச் சாதன மோசடிச் சட்டமும் 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டமும் நாட்டில் உள்ளன. பொலிஸாரின் கையில் முதலில் அகப்படும் பெயர் கணக்கின் சொந்தக்காரருடையதே. ஏற்கெனவே பல விசாரணைகளைக் கண்ட குடும்பங்களுக்கு இன்னொரு விசாரணை வேண்டாம்.

களஞ்சியமும் திண்ணையும்

விதைநெல்லையும் நாளாந்தச் சோற்றுக்கான நெல்லையும் ஒரே சாக்கில் போடுகின்ற கமக்காரர் எவரும் இல்லை. காசுக்கும் அப்படிச் செய்யலாம் என்பதே நாம் தரக்கூடிய மிகப் பயனுள்ள ஆலோசனை. இரண்டு கணக்குகள் வைத்திருங்கள். ஒன்றில் கொடுப்பனவுகள் வரட்டும், அட்டையும் தொலைபேசி வசதியும் அதற்கே இருக்கட்டும்; கைச்செலவுக்கான தொகையை மட்டும் அதில் விடுங்கள். மற்றது புத்தகம் மட்டும் உள்ள சேமிப்புக் கணக்கு. அட்டை வேண்டாம், இணையம் வேண்டாம். அதன் இலக்கத்தை எவருக்கும் கொடுக்கவும் வேண்டாம். கிணற்றுக் காசு அங்கே இருக்கட்டும். அதற்கு நேரில் போகத்தான் வேண்டும்; ஆனால் அதற்கு ஆண்டில் எத்தனை தடவை போகப்போகிறீர்கள்?

தொலைபேசி வசதியுள்ள கணக்குக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வெளியே போகலாம் என்று எல்லை வைக்க முடியும். வங்கி தானாக வைத்துத் தரும் எல்லை எமது தேவைக்கு மிக அதிகம். அதைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் குறுஞ்செய்தி வரும் வசதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சிறு கட்டணம் அறவிட்டாலும் நட்டமில்லை.

வைப்புக் காப்புறுதி இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் அடைகிறார்கள். 2021 இல் அதன் எல்லை 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது உண்மை. ஆனால் அது வங்கி முறிந்துபோனால் கிடைப்பது. கள்வன் எடுத்ததற்கு அது கிடையாது.

காசு போய்விட்டால்

முதல் பத்து நிமிடங்கள் முக்கியம். அழுவதற்கும், அயலில் விசாரிப்பதற்கும், கணவருக்குப் பயந்து மறைப்பதற்கும் அந்த நேரத்தைச் செலவிட வேண்டாம். வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு அழைத்து, கணக்கையும் அட்டையையும் நிறுத்தச் சொல்லுங்கள். பேசியவரின் பெயரையும், நேரத்தையும், அவர் தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இலக்கத்தை இப்போதே வீட்டுக் கலண்டரில் எழுதி வைத்தால் நல்லது. தொலைபேசி களவு போனால் அதற்குள் உள்ள இலக்கமும் போய்விடும் அல்லவா?

பெரிய வங்கிகளுக்கே இது நடந்திருக்கின்றது என்பதையும், நேரத்தோடு நிறுத்தினால் காசு திரும்பும் என்பதையும் வெட்கப்படுகின்றவர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். 2016 பெப்ரவரியில் பங்களாதேசத்தின் மத்திய வங்கியிடம் இருந்தே கள்வர் 8 கோடி 10 இலட்சம் டொலரைப் பிலிப்பைன்சுக்குக் கொண்டுபோனார்கள். இலங்கைக்கு அனுப்பப்பட்ட இன்னும் 2 கோடி டொலர், பெறுபவரின் பெயரில் இருந்த ஓர் எழுத்துப் பிழையைக் கண்டு வங்கியாளர்கள் ஐயுற்றதால் நிறுத்தப்பட்டுத் திரும்பிச் சென்றது.

அழைத்துச் சொன்ன பின்னர் அன்றே, அல்லது மறுநாள் காலை, கிளைக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பிரதியில் திகதியிட்ட முத்திரை வாங்குங்கள். வந்த செய்திகளை அழிக்க வேண்டாம், அவையே சாட்சி. பொலிஸ் நிலையத்திலும் முறையிடுங்கள். இலங்கை கணினி அவசர பதிலளிப்பு மன்றத்துக்கு (சேர்ட்) 101 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். வங்கி தரும் பதில் திருப்தி அளிக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம்; தமிழில் எழுதிக் கொடுக்கத் தயங்க வேண்டாம். ஓ.ரி.பி. யை நீங்களே கொடுத்திருந்தால் வங்கி பொறுப்பேற்க மறுக்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆனாலும் நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். எவருக்கும் கொடுக்கவில்லை என்று பொய் எழுதினால் முறைப்பாட்டின் மீதிப் பகுதியும் நிற்காது.

அந்தத் தாயின் காசு திரும்பி வரவில்லை. மூன்று மணிநேரம் கழிந்துவிட்டிருந்தது. அவருடைய சிம் இப்போது அவர் பெயரில் இருக்கிறது; புதிய புத்தகக் கணக்கு ஒன்றில் 4,000 ரூபா போட்டிருக்கிறார். சென்ற மாதம் அவருக்கு இன்னொரு அழைப்பு வந்ததாம். "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் 7,500 ரூபா கட்ட வேண்டும்" என்று ஓர் ஆண் குரல். ஏமாந்தவர்களின் பட்டியலைக் கள்வர் தமக்குள் விற்றுக்கொள்வதும் உண்டு. இரண்டாவது கள்வன் அதைப் பார்த்தே வருகிறான். "தம்பி, உங்கட கந்தோர் எங்கே, நான் நேரிலே கொண்டுவந்து கட்டுறன்" என்று தாய் கேட்டிருக்கிறார். மறுமுனையில் தொலைபேசி வைக்கப்பட்டது.